கதவு நிலையில் ஒரு பென்சில் கோடு: டிசம்பர் விடுமுறையில் குடும்பத்தோடு கேளிக்கைப் பூங்கா செல்வோருக்கு

மலேசியாவின் பேரா மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்து முதன்முறையாகக் குடும்பத்தோடு கேளிக்கைப் பூங்காவுக்குப் போக நினைப்பவர்கள், பெரும்பாலும் 'எந்தப் பூங்கா' என்ற கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். முகநூலில் பார்த்த பெயர் ஒன்று பிள்ளைகளின் வாயில் ஒட்டிக்கொள்கிறது. அப்பா வேன் பேசிவிடுகிறார். அம்மா புளிச்சோறு கட்டிவிடுகிறார். போய்ச் சேர்ந்த பிறகுதான் பாட்டியால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது என்பதும், கடைக்குட்டியை எந்த விளையாட்டிலும் ஏற்றிக்கொள்ள மாட்டார்கள் என்பதும் தெரிய வருகின்றன. உறவினர்களையும் அக்கம்பக்கத்தாரையும் சேர்த்துக்கொண்டு பல டிசம்பர் மாதங்களில் இத்தகைய பயணங்களுக்கு ஏற்பாடு செய்தவன் என்ற முறையில் நான் சொல்லக்கூடியது, வரிசையை மாற்றிப் போட வேண்டும் என்பதுதான். குடும்பத்தில் மிகச் சிறியவரையும் மிக மூத்தவரையும் முதலில் கணக்கில் எடுங்கள். நாளையும் பூங்காவையும் அவர்களே முடிவு செய்து தந்துவிடுவார்கள்.

அளவுநாடாவிலிருந்து தொடங்குங்கள்

பூங்காக்களில் விளையாட்டுகளுக்கு வயது வரம்பைவிட உயர வரம்பே முக்கியம். 90 சென்டிமீட்டர், 105 அல்லது அதையொட்டி, 120, பெரிய உருளோட்டங்களில் (ரோலர் கோஸ்டர்) 140 என்று படிப்படியாக அந்த வரம்பு ஏறும். இருக்கைப் பட்டையும் நெஞ்சுத் தாங்கியும் ஒரு குறிப்பிட்ட உடலளவுக்கு ஏற்றவாறு செய்யப்பட்டவை என்பதால், 'பையன் தைரியசாலி' என்ற வாதம் அங்கே எடுபடாது. ஆகவே முதல் வேலையாக, பிள்ளைகளைக் காலணியில்லாமல் கதவு நிலையில் முதுகு ஒட்டி நிற்க வைத்து, தலைமேல் ஒரு பாடப்புத்தகத்தைப் படுக்கையாக வைத்து, அதன் அடிவிளிம்பில் பென்சில் கோடு போட்டு, அளவுநாடாவால் அளந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பெண் பிள்ளைகளின் உச்சிக்கொண்டை கணக்கில் சேராது.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஒருமுறை என் தங்கை மகன், மூன்று வாரமாகப் பேசிக்கொண்டிருந்த ஒரு விளையாட்டின் வரிசையில் நாற்பது நிமிடம் நின்று வாசல்வரை போய்விட்டான். அங்கே நின்ற ஊழியர் பெண் காலணியைக் கழற்றச் சொல்லி, வண்ணம் பூசிய அளவுக்கோலின் அருகே அவனை நிறுத்தினார். குதிகால் தடித்த காலணியோடு கோட்டைத் தொட்ட தலை, காலணி கழன்றதும் இரண்டு விரல் கீழே இறங்கியது. 118 சென்டிமீட்டர். அந்தப் பெண் மிகவும் பணிவாகத்தான் மறுத்தார். ஆனால் பிற்பகல் முழுவதும் அவன் பேசவே இல்லை, நாங்கள் வாங்கிக் கொடுத்த ஐஸ்கிரீம் கையிலேயே உருகி வழிந்தது. குற்றம் பூங்காவினுடையது அன்று. வீட்டிலேயே அளந்து, 'உனக்கு இன்னும் இரண்டு சென்டிமீட்டர் போதாது, அடுத்த ஆண்டு ஏறலாம்' என்று முன்கூட்டியே சொல்லாத பெரியவர்களுடையது. அளந்து எழுதிய தாளை வைத்துக்கொண்டு பூங்காவின் சொந்த இணையத்தளத்தில் உயரப் பட்டியலைப் பாருங்கள். ஒரு பிள்ளைக்கு ஏறக்கூடிய விளையாட்டுகள் நான்கைந்துக்குக் குறைவாக இருந்தால், அந்தப் பூங்கா அந்தப் பிள்ளைக்கு உரியதன்று.

அடுத்தது மூத்தவர்கள். எங்கள் வீடுகளில் பாட்டியை விட்டுவிட்டுச் சுற்றுலா போவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அதே சமயம், முப்பது ஆண்டுகள் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிய முழங்கால்கள் எவ்வளவு தாங்கும் என்பதை அவர்களே உண்மையாகச் சொல்லவும் மாட்டார்கள். 'நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன்யா, நீங்க போயிட்டு வாங்க' என்பார்கள். அப்படி அவர்கள் உட்காரப்போகும் இடத்தை முன்கூட்டியே தேர்ந்து வைப்பது உங்கள் கடமை. நிழல், கழிப்பறைக்கு அருகாமை, சாய்ந்துகொள்ள முதுகுள்ள நாற்காலி, பிள்ளைகள் விளையாடுவது கண்ணில் படும் தூரம் ஆகியவை வேண்டும். நீர்ப்பூங்காவாக இருந்தால் சிறுவர் குளத்துக்கு அருகில் இத்தகைய இடம் கிடைக்கும். எந்திர விளையாட்டுகள் மிகுந்த பூங்காவில் கிடைப்பது அரிது. சக்கர நாற்காலி தேவைப்படக்கூடும் என்றால் வாடகைக்குக் கிடைக்குமா என்று முதல் வாரமே தொலைபேசியில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பூங்கா

இந்த இரண்டு கணக்குகளும் கையில் இருந்தால் பூங்காவைத் தேர்வது எளிது. சிறு பிள்ளைகளும் மூத்தவர்களும் சேர்ந்த குடும்பத்துக்கு, முதல் பயணமாக நான் தயங்காமல் சொல்வது ஈப்போவை ஒட்டிய தம்பூனில் உள்ள 'லாஸ்ட் வேர்ல்ட் ஆஃப் தம்பூன்'. 2004இல் திறக்கப்பட்ட இந்தப் பூங்கா சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே அமைந்திருக்கிறது. நீர் விளையாட்டுகள், எந்திர விளையாட்டுகள், விலங்குகள், ஈயம் அலசிக் காட்டும் பகுதி, இயற்கை வெந்நீர் ஊற்று எல்லாம் ஒரே வளாகத்தில் இருப்பதால், ஆளுக்கொரு விருப்பமுள்ள குடும்பம் பிரிந்து போய் மீண்டும் சேர்ந்துகொள்ள முடிகிறது. சுங்கை சிப்புட்டிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்பதால் தங்கும் செலவில்லை. யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். டூலாங் தட்டில் மணலைச் சுழற்றி ஈயம் பிரிப்பதைப் பார்த்ததும், தன் தாயார் அதைச் செய்த கதையைச் சொல்லத் தொடங்கிய ஒரு மூதாட்டியை நான் அறிவேன். ஈப்போவைச் சூழ்ந்த ஈயச் சுரங்கப் பகுதியான கிந்தா பள்ளத்தாக்கின் குடும்பங்கள் பலவற்றில் அப்படி ஒரு கதை இருக்கும். வெந்நீர் ஊற்றில் மட்டும் ஓர் எச்சரிக்கை: இனிப்புநீர் நோயால் கால் மரத்துப்போனவர்களுக்குச் சூடு உறைக்காது, ஆகவே அவர்கள் கால் வைக்குமுன் இன்னொருவர் கை வைத்துப் பார்க்க வேண்டும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் நெடுநேரம் அமிழ்ந்திருக்கக் கூடாது.

பிள்ளைகள் பத்து வயதைக் கடந்து, மரமேறிக் குதிக்கும் இயல்புடையவர்களாக இருந்தால், பினாங்கு தெலுக் பகாங்கில் உள்ள 'எஸ்கேப்' பொருத்தம். அங்கே மின்விசையால் சுழலும் எந்திரங்களைவிட ஏறுவது, தொங்குவது, சறுக்குவதே அதிகம். 1,111 மீட்டர் நீளமுள்ள அதன் குழாய் நீர்ச்சறுக்கு 2019இல் உலகிலேயே மிக நீளமானது என்று கின்னஸ் பதிவு பெற்றது. மலைமேல் இழுவை நாற்காலியில் ஏறி, காட்டுக்குள் வளைந்து இறங்க வேண்டும். பாட்டிக்கு அங்கே வேலையில்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். மேலும், அங்கே போகும் பத்து பிரிங்கி கடற்கரைச் சாலை வளைந்து வளைந்து போவதால் வாந்தி எடுக்கும் பிள்ளைகளுக்குப் பிளாஸ்டிக் பை கட்டாயம். பக்கத்து மாநிலமான கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதால், வெள்ளிக்கிழமை கூட்டம் குறைவாக இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பினாங்குக்குப் போய் ஏமாந்துவிடாதீர்கள்.

கோலாலம்பூர்ப் பக்கம் போவதென்றால் சன்வே லகூன், கெந்திங் என்று இரண்டு. பழைய ஈயச் சுரங்கப் பள்ளத்தில் எழுப்பப்பட்ட சன்வே லகூனில் நீர்ப் பூங்கா, எந்திர விளையாட்டுப் பூங்கா, விலங்குப் பூங்கா என்று பல பிரிவுகள் உண்டு. ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடுகிறவர்கள் எதையும் அனுபவிப்பதில்லை. இரண்டு பிரிவுகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கெந்திங் மலையுச்சி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 2022 பிப்ரவரியில் திறக்கப்பட்ட கெந்திங் ஸ்கைவேர்ல்ட்ஸ் திறந்தவெளிப் பூங்கா. 26 ஏக்கரில் ஒன்பது பகுதிகள். டிசம்பரில் அங்கே பனிமூட்டமும் தூறலும் சேர்ந்து வந்தால் வெளி விளையாட்டுகள் மணிக்கணக்கில் நின்றுவிடும். கட்டடத்துக்குள்ளேயே உள்ள ஸ்கைட்ரோபோலிஸ் மழைக்கு அஞ்சாதது. ஆனால் அதற்குச் சீட்டு தனி. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் குளிர் பழக்கமில்லை என்பதால் கெந்திங்குக்குக் கம்பளிச் சட்டையில்லாமல் போகக் கூடாது. மச்சான்மார் யாராவது 'கொஞ்சம் சுற்றிவிட்டு வருகிறேன்' என்று சூதாட்டக்கூடத்தின் பக்கம் நழுவுவதும் அங்கே வழக்கம் என்பதால், குடும்பப் பணம் அண்ணியிடம் இருப்பது பாதுகாப்பு.

ஜொகூர் இஸ்கந்தர் புத்ரியில் 2012இல் திறக்கப்பட்ட லெகோலாண்ட், இரண்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ளவர்களை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டது. சிறு பிள்ளைகளுக்கு அதைப் போல வேறில்லை. இருந்தாலும் பேராக்காரர்களுக்கு அது நாட்டின் மறுமுனை. இரண்டு இரவாவது தங்க வேண்டியிருக்கும். முதல் பயணத்துக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

எந்த நாள்

பெருந்தொற்றுக்குப் பிறகு சில ஆண்டுகள் மார்ச்சுக்குத் தள்ளிப்போன பள்ளி ஆண்டு 2026 முதல் மீண்டும் ஜனவரியில் தொடங்குகிறது. எனவே ஆண்டிறுதி நீள்விடுமுறையும் பழையபடி டிசம்பரில் வந்து சேர்கிறது. சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கும் நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் கடைசிவரை விடுமுறை. இரண்டு நாட்டுப் பிள்ளைகளும் ஒன்றாகக் கிளம்பும் மாதத்தில் கூட்டமில்லாத நாள் என்று ஒன்று இல்லை, கூட்டம் குறைந்த நாள்தான் உண்டு. அது செவ்வாய் அல்லது புதன்கிழமை. திங்களையும் வெள்ளியையும் வேலைக்குப் போகிறவர்கள் விடுப்பெடுத்து வார இறுதியோடு ஒட்டிக்கொள்கிறார்கள். 2026 கிறிஸ்துமஸ் வெள்ளிக்கிழமை வருவதால் 25, 26, 27 மூன்றும் சேர்ந்த நீள் வார இறுதி. 2027 புத்தாண்டும் வெள்ளிதான். ஆகவே 24 முதல் புத்தாண்டு வார இறுதி முடியும்வரை பெரிய பூங்காக்களைத் தவிர்த்துவிட்டு, பள்ளி மூடியபின் வரும் முதல் இரண்டு வாரங்களில் ஒரு செவ்வாயையோ புதனையோ பிடித்துக்கொள்வதே அறிவு. வழக்கமாக வாரம் ஒரு நாள் மூடும் பூங்காக்கள் பள்ளி விடுமுறையில் எல்லா நாளும் திறந்திருப்பது உண்டு என்றாலும், அந்தத் தேதியைப் பூங்காவின் நாள்காட்டியில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

25ஆம் தேதியே போக வேண்டாம் என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. எங்கள் வரிசை வீடுகளில் கிறிஸ்துவக் குடும்பங்கள் இருக்கின்றன. தீபாவளிக்கு முறுக்குத் தட்டோடு நம் வீட்டுக்கு வந்தவர்கள், கிறிஸ்துமஸ் அன்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். அன்றைக்கு வேன் ஏறிப் போவது முறையன்று. அவர்களையும் பயணத்தில் சேர்த்துக்கொள்வதாக இருந்தால் திருவிழாவுக்கு முந்தைய வாரமே எல்லாருக்கும் வசதி. டிசம்பர் நடுவில் மார்கழி பிறந்துவிடுவதால், கோயிலின் அதிகாலைப் பூசைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் வீடுகளுக்கும் தேதியில் இடையூறில்லை. விடியற்காலையில் எழுந்து பழகியிருப்பார்கள், பூசை முடிந்து பொங்கல் வாங்கிக்கொண்டு நேராக வேனில் ஏறிவிடலாம்.

பணம்

டிசம்பர் மழையில் பால்வெட்டு நாள்கள் குறையும். செம்பனைக் குலை அறுப்பும் தடைப்படும். அந்த மாதச் சம்பளமும் அதற்கேற்ப மெலியும். அடுத்த மாதமே பள்ளிச் சீருடை, காலணி, புத்தகப்பை என்று செலவு வரிசை கட்டும். எனவே பயணச் செலவுக்கான பணம் தீபாவளிக்குப் பிறகு சேர்ப்பதாக இருக்கக் கூடாது. ஆண்டு நடுவிலிருந்து மாதந்தோறும் ஒரு தொகையைத் தனியே வைத்துவர வேண்டும். அரசு ஒவ்வொரு மாணவருக்கும் தரும் 150 வெள்ளி (ரிங்கிட்) பள்ளித் தொடக்க உதவி பள்ளிக்குத்தான். அதைச் சுற்றுலாக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஊழியர் சேமநிதியில் 2024 மே மாதம் தொடங்கிய நெகிழ்வுக் கணக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதால் சிலர் அதில் கை வைக்கிறார்கள். அது சட்டப்படி உங்கள் உரிமை என்றாலும், ஒரு நாள் சறுக்குப் பலகைக்காக முதுமைக் காசை உடைப்பதை நான் ஏற்பதில்லை.

செலவைக் கணக்கிடும்போது சீட்டு விலையை மட்டும் பெருக்கிப் பார்த்து ஏமாறுகிறவர்களே அதிகம். எரிபொருள், டோல், கார் நிறுத்தும் கட்டணம், பொருள் வைக்கும் பெட்டக வாடகை, மிதவை வாடகை, மதிய உணவு என்று மீதி வந்து நிற்கும். எரிபொருளுக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். சுங்கை சிப்புட்டிலிருந்து கோலாலம்பூர் ஏறத்தாழ 230 கிலோமீட்டர், போய்வர 460. நூறு கிலோமீட்டருக்கு ஏழு லிட்டர் குடிக்கும் காருக்கு 32 லிட்டர் ஆகும். 2025 செப்டம்பர் கடைசியில் தொடங்கிய பூடி 95 பெட்ரோல் மானியத் திட்டத்தின் லிட்டருக்கு 1.99 வெள்ளி விலையில் அது 64 வெள்ளி. அந்த விலைக்கு மைகார்டு அடையாள அட்டை தேவை என்பதை ஓட்டுநர் மறக்கக் கூடாது. இப்படி ஒவ்வொன்றையும் தாளில் எழுதிக் கூட்டி, வரும் தொகையோடு அவசரத்துக்கென்று ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக்கொண்டால், திரும்பும் வழியில் யாரிடமும் கடன் கேட்க வேண்டியதில்லை. பல குடும்பங்கள் சேர்ந்து போனால், பணத்தை ஒருவரே வாங்கி ஒரே நோட்டில் எழுதட்டும். உறவு முறிவது பெரும்பாலும் முந்நூறு வெள்ளியில் அன்று, எழுதாமல் விட்ட முப்பது வெள்ளியில்தான்.

வேனா, காரா, ரயிலா

பத்துப் பன்னிரண்டு பேர் என்றால் வாடகை வேன் தோதானது. ஆனால் ஊரில் தெரிந்தவர் ஓட்டுகிறார் என்பதற்காக மட்டும் ஏறிவிடாதீர்கள். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்ல அனுமதி பெற்ற வேனும் பயணிகளை ஏற்றி நெடுந்தொலைவு போக அனுமதி பெற்ற வேனும் ஒன்றல்ல. அனுமதியில்லாத வண்டியில் விபத்து நேர்ந்தால் காப்புறுதி கிடைப்பது சிக்கலாகும். அனுமதிச் சீட்டையும் சாலைவரியையும் கேட்டுப் பார்ப்பதில் கூச்சம் வேண்டாம்; நேர்மையான வேன்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். சக்கரங்களை நீங்களே ஒருமுறை சுற்றிப் பாருங்கள். சொந்தக் காரில் போகிறவர்கள், சிறு பிள்ளைகளுக்கான தனி இருக்கை 2020 முதல் சட்டப்படி கட்டாயம் என்பதையும், பின்னிருக்கையில் உள்ளவர்களும் பட்டை அணிய வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். டச் என் கோ அட்டையில் முதல் நாளே பணம் ஏற்றிவிடுங்கள். விடுமுறைக் காலத்தில் டோல் வாசலில் பணம் போதாமல் பின்னால் நிற்கும் வண்டிகளின் ஹாரன் சத்தத்துக்கிடையே தவிப்பது, ஒரு நல்ல நாளுக்கு ஏற்ற தொடக்கமன்று.

கெந்திங்குக்கு வண்டியில் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். வடக்கிலிருந்து வருகிறவர்களுக்கு பத்தாங் காலி வழியாக மலையேறுவது கிட்டமாகத் தோன்றும். 2022 டிசம்பர் 16 அதிகாலையில் அந்தச் சாலையை ஒட்டிய முகாம் தளத்தில் மண் சரிந்து 31 பேர் இறந்தார்கள். அடைமழைக் காலத்தில் அந்த வழியை விட்டு, சுற்றானாலும் காராக் நெடுஞ்சாலை வழியாக ஏறுவதே என் வழக்கம். உச்சிவரை ஓட்ட அஞ்சுகிறவர்கள் மலைச்சரிவில் உள்ள அவானா நிலையத்தில் வண்டியை நிறுத்திவிட்டுக் கம்பிவட வண்டியில் ஏறிவிடலாம். இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் தாழ்ந்த கியரில் வர வேண்டும் என்ற கவலையும் குறையும்.

ஐந்தாறு பேர் உள்ள குடும்பம் கோலாலம்பூருக்குப் போவதாக இருந்தால் ரயிலை நான் பெரிதும் விரும்புகிறேன். இடிஎஸ் எனும் விரைவு மின்ரயில்களில் சில சுங்கை சிப்புட் நிலையத்திலேயே நிற்கின்றன. மற்றவற்றுக்கு ஈப்போ போக வேண்டும். கேஎல் சென்ட்ரலில் இறங்கி, கிள்ளான் துறைமுகத்துக்குப் போகும் கொமுட்டர் ரயிலில் செத்தியா ஜெயாவில் இறங்கினால், அங்கிருந்து உயர்பாலத்தில் ஓடும் பிஆர்டி மின்பேருந்து சன்வே லகூன் நிறுத்தத்திலேயே இறக்கிவிடும். நெரிசல் அதைத் தொடுவதில்லை. ஆனால் டிசம்பர்ச் சீட்டுகள் விரைவில் தீர்ந்துவிடும். விற்பனை திறந்ததும் திரும்பும் பயணத்துக்கும் சேர்த்தே ரயில் நிறுவனமான கேடிஎம்பியின் செயலியில் பதிவு செய்துவிடுங்கள்.

நுழைவுச்சீட்டு

சீட்டைப் பூங்காவின் சொந்த இணையத்தளத்திலோ செயலியிலோ மட்டும் வாங்குங்கள். விடுமுறை நெருங்கும்போது 'பாதி விலை, இன்று மட்டும்' என்று முகநூலில் முளைக்கும் பக்கங்கள் பல போலி. பணம் தனிநபர் வங்கிக் கணக்குக்குப் போகச் சொன்னாலே விலகிவிட வேண்டும். ஏமாந்தது தெரிந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 997 என்ற தேசிய மோசடி எதிர்ப்பு மைய எண்ணுக்கு அழையுங்கள்; பணம் கைமாறுவதற்குள் தடுக்க வாய்ப்பிருப்பது முதல் சில மணி நேரங்களில்தான். மலேசியர்களுக்கான குறைந்த விலைச் சீட்டு வாங்குவோர் வாசலில் அதை மெய்ப்பிக்க வேண்டும் என்பதால், பெரியவர்களின் மைகார்டையும் பிள்ளைகளின் மைகிட்டையும் நகலாக அன்றி மூலமாகவே எடுத்துச் செல்லுங்கள். மூத்தோருக்கும் மாற்றுத்திறனாளி அட்டை உள்ளவர்களுக்கும் பெரும்பாலும் சலுகை உண்டு. மழைக்குப் பணம் திருப்பித் தரப்படாது என்ற விதி கிட்டத்தட்ட எல்லாச் சீட்டிலும் இருக்கும். அதைப் படித்துவிட்டே வாங்குங்கள், வாசலில் சண்டை பிடித்துப் பயனில்லை.

துணியும் சோறும்

நீர்ப்பூங்காக்களில் நீச்சலுக்கான வழுவழுப்பான துணியைத்தான் அனுமதிக்கிறார்கள். ஜீன்ஸின் பொத்தானும் ஜிப்பும் சறுக்குப் பலகையைக் கீறும். நீரில் ஊறிய பருத்திச் சட்டை கனத்து இழுக்கும். துப்பட்டாவும் சேலைத் தலைப்பும் சறுக்கில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. உடலை மறைக்கும் முழுக்கை நீச்சலாடைகள் ஈப்போ கடைகளில் கிடைக்கின்றன. கூச்சமுள்ள அத்தைமார்களுக்கு அவை வசதி. நீரில் இறங்காத பாட்டி சேலையிலேயே வரலாம், தடையில்லை. தாலிச் சங்கிலி, கொலுசு, மோதிரம் ஆகியவற்றை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் மஞ்சள் கயிற்றுக்கு மாறிக்கொள்ளலாம்.

வெளியுணவைப் பெரும்பாலான பூங்காக்கள் உள்ளே விடுவதில்லை. குழந்தை உணவுக்கும் மருந்துக்கும் மட்டும் பொதுவாக விலக்கு உண்டு. ஆகவே கட்டிய புளிச்சோற்றையும் வறுத்த நெத்திலி சம்பலையும் வாசலுக்கு வெளியே உண்பதாகவே திட்டமிட வேண்டும். நாங்கள் செய்வது இதுதான்: காலை எட்டரைக்கு நிறுத்துமிடத்தில் வேனின் பின்கதவைத் திறந்து, எல்லாரும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம். பகலில் உள்ளே இலகுவாக ஒன்றை வாங்கிப் பகிர்ந்துகொண்டு, மாலையில் வெளியே வந்ததும் மீதியைத் தீர்ப்போம். தேங்காய்ப்பால் சேர்ந்த நாசி லெமாக் வேனுக்குள் வெயிலில் கெட்டுவிடும். புளிச்சோறும் அவித்த முட்டையும் மாலைவரை தாங்குவது பனிக்கட்டிப் பெட்டியில் வைத்தால்தான். பெட்டி இல்லையென்றால் மாலைக்கு ரொட்டியும் வாழைப்பழமும் போதும். மார்கழி விரதத்தில் இருப்பவர்களுக்கு உள்ளே சைவம் தேடி அலையும் தொல்லையும் இதனால் குறைகிறது. இன்சுலின் போடுகிறவர்கள் அதைக் குளிர்ப்பையில் தோளிலேயே வைத்திருக்க வேண்டும். வேனிலோ பெட்டகத்திலோ விட்டுவிடக் கூடாது.

பூங்காவுக்குள்

வாசல் திறப்பதற்கு அரை மணி நேரம் முன்பே அங்கே இருப்பதுதான் முழு நாளின் உயிர்நாடி. முதல் ஒன்றரை மணி நேரத்தில் வரிசையில்லாமல் ஏறும் விளையாட்டுகளை, பிற்பகலில் நான்கு மணி நேரம் நின்றாலும் ஏறி முடிக்க முடியாது. உள்ளே நுழைந்ததும் எல்லாரும் வாசலருகே உள்ளவற்றை நோக்கிச் செல்வார்கள். நீங்கள் கடைக்கோடிக்கு நடந்து, அங்கிருந்து முன்னோக்கி வாருங்கள். பிற்பகல் இடிமழை எங்கள் பேரா மண்ணுக்குப் புதிதன்று என்பதால், உயரமான வெளி விளையாட்டுகளைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும். மின்னல் கண்டால் நீர்க்குளங்களையும் உருளோட்டங்களையும் உடனே நிறுத்திவிடுவார்கள். அது உங்கள் நன்மைக்கே. அந்த நேரத்தைப் பாட்டியோடு உட்கார்ந்து பசியாற வைத்துக்கொண்டால் நேரமும் வீணாகாது. மதிய உணவைப் பதினொன்றேகாலுக்கே முடித்துவிட்டால், மற்றவர்கள் உணவுக்கு வரிசை நிற்கும் பன்னிரண்டரை மணிக்கு விளையாட்டுகளில் கூட்டம் சற்று இளகும்.

பிள்ளைகள் தொலைந்துபோவதுதான் பெற்றோரின் பெரிய அச்சம்; அதற்கு நாங்கள் கடைப்பிடிப்பது எளிய வழி. உள்ளே போகுமுன் எல்லாப் பிள்ளைகளையும் நிற்க வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்கிறோம். அன்றைய சட்டை நிறம் பதற்றத்தில் யாருக்கும் நினைவிருக்காது. முன்கையின் உட்புறத்தில் அழியாத மையால் அப்பாவின் தொலைபேசி எண்ணை எழுதி, அதன்மேல் பிளாஸ்டர் நாடாவை ஒட்டிவிட்டால் நீரில் கரையாது. எல்லாருக்கும் ஒரே பளிச்சென்ற நிறத்தில் தொப்பி. காணாமல்போனால் ஓடித் தேடாமல், சீருடை அணிந்த ஊழியரிடம் போய் நிற்க வேண்டும் என்று வேனிலேயே இரண்டு முறை சொல்ல வைப்போம். அலைக்குளத்தில் மட்டும் இது எதுவும் போதாது. ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர், கை எட்டும் தூரம், தொலைபேசி பையில். 'நீ பார்த்துக்கொள்வாய் என்று நினைத்தேன்' என்பதற்கு அங்கே இடமிருக்கக் கூடாது என்பதால், யாருக்கு யார் என்பதைப் பெயர் சொல்லிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் நேரத்தை மூடும் மணியோடு வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு மணி நேரம் முன்பே கிளம்பினால் குளியலறை வரிசையும் நிறுத்துமிட நெரிசலும் மிச்சம். உலர்ந்த துணி, துண்டு, சோப்பு ஆகியவற்றை ஆளுக்கொரு பையில் முன்னிரவே பெயரெழுதிக் கட்டிவைத்திருந்தால், நனைந்து நடுங்கும் பன்னிரண்டு பேருக்கு நடுவே ஒரே மூட்டையைக் கிண்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கோலாலம்பூரிலிருந்து வருகிறவர்கள் தாப்பா ஓய்வுத்தலத்தில் கட்டாயம் நிறுத்தி, வேன் ஓட்டுநர் கால் மணி நேரமாவது கண்ணயரட்டும். நாள் முழுவதும் அவர் விளையாடவில்லை என்றாலும் வெயிலில் காத்திருந்தவர். பின்னால் எல்லாரும் தூங்கிவிடும்போது அவரோடு பேச்சுக் கொடுக்க ஒருவர் முன்னிருக்கையில் விழித்திருக்க வேண்டும். எங்கள் வேனில் அந்த வேலையைப் பெரும்பாலும் பாட்டிதான் செய்கிறார். காலை நான்கு மணிக்கு எழுந்து பழகியவர் என்றாலும், ஈப்போ தாண்டும்வரை அவர் கண் மூடியதை நான் பார்த்ததில்லை.